கலிஃபோர்னியாவில் 2012-இல் முடிந்த விவாகரத்து: தீர்ப்பு நகலை எந்தக் கவுண்டியில் தேடுவது?

கோவைக்குயில் | பிப்ரவரி 3, இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 2006-இல் பழனியில் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா சென்றேன். சன்னிவேலில் குடியிருந்தோம். 2011-இல் பிரிந்தோம். அவர் அங்கேயே விவாகரத்து மனு போட்டார். நான் சில தாள்களில் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் முத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். 2012-இல் நீதிமன்றத்திலிருந்து தபாலில் தாள் வந்தது. பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். 2015 டிசம்பரில் சென்னை முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருந்தபோது வெள்ளம் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த எல்லாம் கூழாகிவிட்டன.

இப்போது மறுமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை டல்லாஸில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். இங்கே திருமணத்தைப் பதிவு செய்யவும், பிறகு ஐ-130 மனுவுக்கும் (குடும்பத்தினரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ளப் போடும் குடியேற்ற மனு) என் முதல் திருமணம் சட்டப்படி முடிந்ததற்கான தீர்ப்பு வேண்டும். சன்னிவேல் சான்டா கிளாரா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருப்பதால் அந்த நீதிமன்ற இணையதளத்தில் இரண்டு பெயர்களையும் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. "அமெரிக்கா முழுவதும் ஒரே தேடல்" என்று சொல்லும் தனியார் தளம் ஒன்றில் 39 டாலர் கட்டினேன். பழைய முகவரிகளின் பட்டியல் ஒன்றுதான் வந்தது.

தீர்ப்பே பதிவாகவில்லையோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. முன்னாள் கணவரிடம் கேட்கும் நிலையில் நான் இல்லை. கேட்க விரும்பவும் இல்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெறியாளர் | பிப்ரவரி 3, இரவு 10:05

பதிவில் இருந்த இருவரின் பெயர்களையும் நீக்கியிருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, வழக்கு எண் எதையும் பொதுவில் எழுத வேண்டாம். உதவுபவர்கள் தனிச்செய்தியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலகத்துமூலை | பிப்ரவரி 4, காலை 6:15

அம்மா, முதலில் நிம்மதியாக மூச்சு விடுங்கள். தேடிய இடத்தில் இல்லை என்றால் அந்த இடத்தில் இல்லை என்பது மட்டுமே பொருள். நம் ஊரில் வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டால் 'வில்லங்கம் இல்லை' என்றுதானே வரும்? நிலம் இல்லாமல் போய்விடுமா? அதே கதைதான் இது.

அமெரிக்காவில் விவாகரத்து மாநில நீதிமன்றங்களின் வேலை. நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு கிடையாது. பேசர் என்ற கூட்டரசு நீதிமன்றத் தளத்தில் பலர் பணம் கட்டித் தேடி ஏமாறுகிறார்கள். அதில் திவால் வழக்கு இருக்கும், விவாகரத்து இருக்காது. கோப்பு எங்கே இருக்கும் என்றால், எந்த நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்ததோ அங்கே. திருமணம் நடந்த ஊருக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் இப்போது வசிக்கும் ஊருக்கும் இல்லை.

இதற்குப் பழைய உதாரணம் ரீனோ. நெவாடா மாநிலம் 1931-இல் ஆறு வாரம் தங்கியிருந்தாலே விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்தை மாற்றியது. நியூயார்க்கிலோ 1960-களின் நடுப்பகுதி வரை பிறன்மனை உறவை நிரூபித்தால்தான் விவாகரத்து. ஆகவே வசதி இருந்தவர்கள் ரயிலேறி ரீனோ போய், ஆறு வாரம் விடுதியில் தங்கி, தீர்ப்போடு திரும்பினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நியூயார்க்கில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கோப்போ நெவாடாவின் வாஷோ கவுண்டியில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் நூலகத்தில் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு உதவியிருக்கிறேன். இந்த ஒன்றைச் சொல்லாத வாரம் இல்லை.

இன்னொன்று. மூன்று வெவ்வேறு தாள்களை மக்கள் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பு ஒன்று. மனு, பதில், ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்த முழு வழக்குக் கோப்பு இன்னொன்று. சில மாநிலங்களின் சுகாதாரத் துறை கொடுக்கும் ஒரு பக்கச் சான்றிதழோ உறுதிக் கடிதமோ மூன்றாவது. குடியேற்றத் துறைக்கு முதலாவது வேண்டும். கலிஃபோர்னியாவில் மாநிலச் சுகாதாரத் துறையிடம் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான பதிவுகளுக்கு மட்டுமே சான்று உண்டு. உங்களுடையது 2012. எனவே அந்தக் கதவைத் தட்ட வேண்டாம், நேராக நீதிமன்றம்தான்.

டயாப்லோ_அடிவாரம் | பிப்ரவரி 4, காலை 8:50

சகோதரி, ஒரே ஒரு கேள்வி. மனு போட்ட சமயத்தில் அவர் எங்கே குடியிருந்தார்? சன்னிவேலிலேயா?

கலிஃபோர்னியாவில் மனு போட, கணவன் மனைவி இருவரில் ஒருவராவது அதற்கு முந்தைய ஆறு மாதம் மாநிலத்திலும், மூன்று மாதம் அந்தக் கவுண்டியிலும் குடியிருந்திருக்க வேண்டும். அதனால் தம்பதி சேர்ந்து வாழ்ந்த வீடு முக்கியமில்லை. பிரிந்த பிறகு மனுதாரர் எங்கே போனார் என்பதுதான் பெரும்பாலும் முக்கியம். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய விரிகுடாப் பகுதியில், அதாவது 'பே ஏரியா'வில், இது பெரிய குழப்பம். மில்பிடாஸ் சான்டா கிளாரா கவுண்டி, பக்கத்திலேயே இருக்கும் ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்டி. டப்ளின் அலமீடா, அதை ஒட்டிய சான் ரமோன் கான்ட்ரா கோஸ்டா. வீடு மலிவு என்று மவுன்டன் ஹவுஸ் பக்கம் போனவர்கள் சான் ஹோகின் கவுண்டிக்கே போய்விட்டார்கள். எல்லோரும் 'பே ஏரியாவில் இருந்தோம்' என்றுதான் சொல்வார்கள். நீதிமன்றம் அப்படிப் பார்க்காது.

கோவைக்குயில் | பிப்ரவரி 4, காலை 11:20

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. அவர் தன் நண்பர் வீட்டுக்கு மாறினார். டப்ளின் என்றுதான் நினைவு. கடை, கோயில் எல்லாம் அந்தப் பக்கம் என்று பேசிக்கொள்வார்கள்.

டயாப்லோ_அடிவாரம் | பிப்ரவரி 4, காலை 11:45

அப்படியென்றால் அலமீடா, கான்ட்ரா கோஸ்டா இரண்டையும் பார்க்க வேண்டும். டப்ளின் என்று சொல்லிக்கொண்டு சான் ரமோனில் இருப்பவர்கள் ஏராளம். இன்னொன்று: 2012-இல் தபாலில் வந்தது எத்தனை பக்கம்?

கோவைக்குயில் | பிப்ரவரி 4, மதியம் 12:10

ஒரே ஒரு பக்கம். அதன் கீழ்ப்பகுதியில் அஞ்சலில் அனுப்பியதற்கான கிளார்க்கின் குறிப்பு இருந்தது. அதுதான் தீர்ப்பு என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

டயாப்லோ_அடிவாரம் | பிப்ரவரி 4, மதியம் 12:30

அது எஃப்.எல்-190, அதாவது தீர்ப்பு பதிவாகிவிட்டது என்று நீதிமன்றம் இரு தரப்புக்கும் அனுப்பும் அறிவிப்பு. தீர்ப்புப் படிவம் எஃப்.எல்-180. உங்கள் கையில் இருந்தது தீர்ப்பு அன்று. ஆனால் அது வந்திருக்கிறது என்பதே நல்ல செய்தி: தீர்ப்பு பதிவானால்தான் அந்த அறிவிப்பு வரும்.

மணிமுத்தாறு | பிப்ரவரி 4, இரவு 8:15

மேலே சொன்ன கடைசி வரியை எல்லோரும் இருமுறை படியுங்கள். நான் அந்த ஒரு தாள் இல்லாமல் ஐந்து ஆண்டு வாழ்ந்தவன்.

கலிஃபோர்னியாவில் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்த்தரப்புக்கு அழைப்பாணை வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழியாமல் திருமணம் முடியாது. நானோ ஆறு மாதம் கழிந்தால் தானாக முடிந்துவிடும் என்று புரிந்துகொண்டேன். மனு போட்டோம், பதில் போட்டோம், பொருட்களைப் பிரித்துக்கொண்டோம், அவரவர் வழியில் போனோம். வரி படிவத்தில் 'தனியர்' என்று எழுதினேன். பிறகு திருச்சியில் பெண் பார்த்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. பெண் வீட்டார் தீர்ப்பு நகலைக் கேட்டார்கள். சரியான கேள்வி. நான் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய் நகல் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மையார் கோப்பைப் பார்த்துவிட்டு, "இதில் தீர்ப்பு இல்லையே" என்றார். கோப்பில் மனு இருந்தது, பதில் இருந்தது. அதற்கு மேல் ஒரு தாளும் இல்லை. யாரும் தீர்ப்பு கோரி இறுதிப் படிவங்களைத் தாக்கல் செய்யவே இல்லை. சட்டத்தின் கண்ணில் நான் அன்றும் திருமணமானவன்.

நீதிமன்றத்தின் பிழை அன்று அது. எங்கள் இருவரின் அறியாமை. முன்னாள் மனைவியைத் தேடிப் பேசி, ஒப்பந்தம் எழுதி, தீர்ப்பு வாங்க ஏழு மாதம் ஆயிற்று. பெண் வீட்டார் காத்திருந்தார்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். அதனால்தான் சொல்கிறேன்: வழக்கு எண் கிடைத்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். வழக்கு எண் மனுவுக்கே கிடைத்துவிடும். நடவடிக்கைப் பதிவேட்டில் 'தீர்ப்பு பதிவானது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒற்றைப்பெயர் | பிப்ரவரி 5, காலை 7:05

பெயரைப் பற்றி யாரும் பேசவில்லையே. தமிழர்களுக்கு இதுதான் முதல் தடை.

எனக்குக் கடவுச்சீட்டில் ஒரே பெயர்தான். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சிட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அது என் ஓட்டுநர் உரிமத்துக்குப் போனது, வங்கிக் கணக்குக்குப் போனது, கடைசியில் என் விவாகரத்து வழக்கின் தலைப்புக்கும் போனது. என் பெயரில் தேடிப் பயனில்லாமல், எஃப்.என்.யு. என்பதையே முதற்பெயராகப் போட்டுத் தேடியபோது ஒரே நொடியில் வந்தது.

சகோதரிக்கு: உங்கள் பெயரும் தந்தை பெயரும் இடம் மாறியிருக்கலாம். தந்தை பெயர் குடும்பப் பெயராக ஆகியிருக்கலாம், அல்லது கணவர் பெயர் ஒட்டியிருக்கலாம். செந்தில்குமார் என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதலாம், இரண்டாகப் பிரிக்கலாம், நடுவில் 'டி' போடலாம், 'டி.எச்.' போடலாம், 'எச்' இல்லாமலும் எழுதலாம். கணினிக்கு இவை ஒவ்வொன்றும் வேறு மனிதர். அன்றைய ஓட்டுநர் உரிமத்திலோ விசாவிலோ எப்படி இருந்ததோ அதைத் தேடியெடுங்கள். பழைய கடவுச்சீட்டு இருக்கிறதா?

கோவைக்குயில் | பிப்ரவரி 5, மாலை 4:30

பழைய கடவுச்சீட்டு அம்மா வீட்டில் இருந்தது, தப்பியது. அதில் என் பெயர் கடைசியிலும் அப்பா பெயர் முதலிலும் இருக்கிறது! அமெரிக்காவில் எல்லோரும் என்னை அப்பா பெயரால் கூப்பிட்டது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வரிசையில் போட்டுத் தேடினேன். அலமீடாவில் இல்லை. கான்ட்ரா கோஸ்டாவில் இருக்கிறது!! வழக்கு எண், 2011 என்ற ஆண்டு, இரண்டு பெயர்கள். ஆனால் தாள்களைத் திறக்க முடியவில்லை. என் வழக்குக்கு மட்டும் பூட்டு போட்டிருக்கிறார்களா?

டயாப்லோ_அடிவாரம் | பிப்ரவரி 5, மாலை 5:00

மிக்க மகிழ்ச்சி! பூட்டு உங்களுக்கு மட்டும் அன்று. கலிஃபோர்னிய நீதிமன்ற விதிப்படி குடும்ப வழக்குகளின் தாள்களைப் பொதுமக்களுக்கு இணையத்தில் திறந்துவிடக் கூடாது. வழக்குப் பட்டியலையும் நடவடிக்கைப் பதிவேட்டையும் காட்டலாம். தாள்களைப் பார்க்க நீதிமன்றத்துக்கே போக வேண்டும். நேரில் போனால் பெரும்பாலான கோப்புகள் பொதுப் பதிவுதான், யாரும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். வீட்டிலிருந்தபடி அண்டை வீட்டாரின் விவாகரத்தைப் புரட்டிப் பார்ப்பதைத் தடுக்கும் இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் வால்நட் க்ரீக்கில் இருக்கிறேன். குடும்ப நீதிமன்றம் மார்ட்டினெஸில், அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு இருக்கிறது. போய் வருகிறேன். வழக்கு எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

அடையாறு_வழக்குரைஞர் | பிப்ரவரி 5, இரவு 9:30

நண்பர் நீதிமன்றத்துக்குப் போகும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

உங்கள் திருமணம் இந்தியாவில் இந்து திருமணச் சட்டப்படி நடந்தது. வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 13 தீர்மானிக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகியவை இந்தியாவின் பரஸ்பர அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றன, அமெரிக்கா இல்லை. 1991-இல் உச்ச நீதிமன்றம் நரசிம்ம ராவ் எதிர் வெங்கட லட்சுமி வழக்கில் வழிகாட்டியது. திருப்பதியில் நடந்த திருமணம், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் கவுண்டி நீதிமன்றம் கொடுத்த விவாகரத்து. அதில் முதலில் எழுந்த சிக்கலே நகல்தான்: அந்தத் தீர்ப்பின் ஒளிநகலைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்கும் மேலே போய், எந்தச் சட்டப்படி திருமணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் காரணமும்தான் செல்லும் என்றது. அதற்குச் சில விதிவிலக்குகளையும் வகுத்தது. அவற்றில் ஒன்று, எதிர்த்தரப்பு அந்த விவாகரத்துக்குச் சம்மதம் தெரிவித்திருப்பது.

உங்களுக்கு உயிர்நாடி அந்தச் சம்மதம்தான். கலிஃபோர்னியாவில் விவாகரத்துக்கான காரணம் சமரசம் காண முடியாத வேறுபாடுகள். இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணம் இல்லை. ஆகவே நீங்கள் அறிந்து, விரும்பிச் சம்மதித்தீர்கள் என்பதைக் கோப்பு பேச வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட தாள் எது? பதில் மனுவான எஃப்.எல்-120-ஆ? வழக்கில் ஆஜராவதையும் சில உரிமைகளை விட்டுக்கொடுப்பதையும் தெரிவிக்கும் எஃப்.எல்-130-ஆ? இருவரும் ஒப்பமிட்ட சொத்து ஒப்பந்தமா? இருப்பவை எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் வேண்டும். நீங்கள் பதிலே தராமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது என்று கோப்பில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், அது வேறு பாதை.

பிறகு அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்காக ஒட்டப்படும் அரசுச் சான்று. இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகம் கொடுக்கும்.

நூலகத்துமூலை | பிப்ரவரி 6, காலை 6:20

வழக்குரைஞர் ஐயா சொன்னது பொன் போன்றது. நான் இத்தனை ஆண்டுகள் பெயரையும் தேதியையும் தேடித் தந்ததோடு நிறுத்திக்கொண்டவன். முழுக் கோப்பு எதற்கு என்று இன்றுதான் முழுமையாக விளங்கியது.

தாமிரபரணி72 | பிப்ரவரி 7, காலை 10:10

எல்லோருக்கும் வணக்கம். குயில் தங்கையின் இழையில் குறுக்கிடுகிறேன், மன்னிக்க வேண்டும். நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். 1987-இல் மணம், 1998-இல் விவாகரத்து, அதன் பிறகு மணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளை வளர்க்கவே நேரம் சரியாக இருந்தது. முன்னாள் கணவரின் சமூகப் பாதுகாப்புக் கணக்கில் எனக்கும் ஓய்வூதியம் உண்டு என்று ஒரு தோழி சொல்கிறாள். தீர்ப்பு நகல் வேண்டுமாம். கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன், தங்களிடம் இல்லை என்கிறார்கள்.

நூலகத்துமூலை | பிப்ரவரி 7, காலை 11:00

அம்மா, டெக்சஸில் கவுண்டி கிளார்க் வேறு, டிஸ்ட்ரிக்ட் கிளார்க் வேறு. திருமண உரிமம் முன்னவரிடம். விவாகரத்து டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றத்தில் நடப்பதால் பின்னவரிடம். ஹாரிஸ் கவுண்டி டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் கேளுங்கள். ஆஸ்டினில் உள்ள மாநிலச் சுகாதாரத் துறை 1968 முதலான விவாகரத்துகளுக்கு உறுதிக் கடிதம் தரும். அது தீர்ப்பு அன்று, ஆனால் எந்தக் கவுண்டி என்று தெரியாதவர்களுக்கு நல்ல துப்பு.

உங்கள் தோழி சொன்னது உண்மை. திருமணம் குறைந்தது பத்து ஆண்டு நீடித்திருந்தால், உங்களுக்கு 62 வயது ஆகியிருந்தால், இப்போது மணமாகாதவராக இருந்தால் கேட்கலாம். அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு சென்ட் குறையாது. ஆகவே எந்தச் சங்கடமும் வேண்டாம். பத்து ஆண்டுக் கணக்கு விவாகரத்து இறுதியான நாள் வரை. பிரிந்து போன நாள் கணக்கில் வராது. அதனால்தான் அவர்கள் தீர்ப்பைக் கேட்கிறார்கள்.

ஒவ்வொரு மாநிலத்திலும் அலுவலகத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். பென்சில்வேனியாவில் புரோதோனோட்டரி என்ற பழைய பெயர். நியூயார்க்கில் விவாகரத்து கொடுப்பது சுப்ரீம் கோர்ட். பெயரைக் கேட்டு நம் உச்ச நீதிமன்றம் என்று அஞ்ச வேண்டாம், அங்கே அது கீழமை நீதிமன்றம்தான். புரூக்ளின் என்பது கிங்ஸ் கவுண்டி, ஸ்டேட்டன் ஐலண்ட் ரிச்மண்ட் கவுண்டி. லூசியானாவில் கவுண்டியே கிடையாது, பாரிஷ் என்பார்கள்.

பாலாறு_வடக்கு | பிப்ரவரி 7, இரவு 10:40

நியூயார்க் என்றதும் எழுதுகிறேன். என் அக்காவின் விவாகரத்து குயின்ஸில் நடந்தது. கலிஃபோர்னியா போல நண்பரை அனுப்பி வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே கோப்பு நூறு ஆண்டுக்கு மூடியிருக்கும். தம்பதியரும் அவர்களின் வழக்குரைஞர்களும்தான் பார்க்கலாம். அக்கா மதுரையில் இருந்ததால், என்னை அனுமதித்து அவர் எழுதிய கடிதத்துக்குச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி முத்திரை வாங்கினோம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். அந்தக் கடிதத்தோடு போனபோதுதான் நகல் கிடைத்தது.

தாமிரபரணி72 | பிப்ரவரி 8, காலை 9:00

ஐயா, டிஸ்ட்ரிக்ட் கிளார்க் பக்கத்தில் என் வழக்கு இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாகிவிட்டது, அழித்திருப்பார்கள் என்று பயந்தேன். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிட்டேன். உங்களுக்குக் கோடி புண்ணியம்.

டயாப்லோ_அடிவாரம் | பிப்ரவரி 12, மாலை 6:30

நேற்று மார்ட்டினெஸ் போய் வந்தேன். அடுத்து வருபவர்களுக்கு உதவட்டும் என்று முழுவதையும் எழுதுகிறேன்.

வழக்கு எண் கையில் இருந்ததால் வேலை சுலபமாயிற்று. எண் இல்லாமல் போனால் அவர்களே தேட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் தேடினால் 15 டாலர் தேடல் கட்டணம் உண்டு. விவாகரத்துத் தீர்ப்புக்குச் சான்றிட்ட நகல் 15 டாலர். மற்றத் தாள்களுக்குச் சான்றிடும் கட்டணம் அதைவிட அதிகம், பக்கத்துக்கு 50 சென்ட் தனி. எனவே எதற்குச் சான்று வேண்டும், எதற்கு வெறும் நகல் போதும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோப்பைத் திறந்ததும் ஓர் எதிர்பாராத விஷயம். சகோதரி, உங்கள் வழக்கில் ஒன்று அல்ல, இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. 2012-இல் ஒன்று, 2013-இல் ஒன்று. முதலாவது திருமண நிலையை மட்டும் முடித்து வைக்கிறது. இரண்டாவது, ஓய்வூதியச் சேமிப்பையும் சொத்தையும் பிரிப்பது. இங்கே அப்படிப் பிரித்துத் தீர்ப்பு சொல்வது உண்டு. கவுன்டரில் 'தீர்ப்பு நகல்' என்று மட்டும் கேட்டிருந்தால் இரண்டாவதை மட்டும் கொடுத்திருக்கலாம். குடியேற்றத் துறை தேடுவது திருமணம் முடிந்த தேதியை. அது முதலாவதில் இருக்கிறது. இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டேன், ஒவ்வொன்றிலும் இரண்டு.

வழக்குரைஞர் ஐயா கேட்ட தாளையும் தேடினேன். எஃப்.எல்-130 இருக்கிறது, உங்கள் கையெழுத்தோடு. இருவரும் ஒப்பமிட்ட ஒப்பந்தமும், அதில் உங்கள் கையெழுத்துக்கு நோட்டரி சான்றும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேட்டேன். சான்றில் கிளார்க்கின் கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்தேன். அப்போஸ்டில் கொடுக்கும் அலுவலகம் அந்தக் கையெழுத்தைத்தான் உறுதி செய்யும்.

நேரில் ஆள் இல்லாதவர்கள் தபாலில் கேட்கலாம். கடிதத்தில் இருவர் பெயர், வழக்கு எண், எந்தத் தாள், எத்தனை நகல், சான்று வேண்டுமா என்று எழுதி, தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையும் வைக்க வேண்டும். பக்கங்களின் எண்ணிக்கை தெரியாதபோது காசோலையில் தொகையை எழுதாமல் 'இத்தனை டாலருக்கு மேற்படாமல்' என்று குறித்து அனுப்பும் வழக்கம் இங்கே உண்டு. அவர்கள் சரியான தொகையை நிரப்பிக்கொள்வார்கள். அந்தக் கவுண்டி அதை ஏற்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு அமெரிக்க வங்கிக் காசோலைதான் இடிக்கும். அதற்கு மட்டும் இங்கே ஒரு நண்பர் வேண்டும்.

நாளை சாக்ரமென்டோவுக்கு அப்போஸ்டிலுக்காகத் தபாலில் அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் 20 டாலர். எந்த நாட்டில் பயன்படுத்தப் போகிறோம் என்று கடிதத்தில் எழுத வேண்டும். இந்தியா என்று எழுதியிருக்கிறேன். ஐ-130-க்கு அப்போஸ்டில் தேவையில்லை, ஆகவே ஒரு தொகுப்பை அப்படியே டல்லாஸுக்கு அனுப்பிவிடுகிறேன்.

கோவைக்குயில் | பிப்ரவரி 13, காலை 7:10

அண்ணா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முகம் பார்த்திராத ஒருத்திக்காக விடுப்பு நாளைச் செலவழித்திருக்கிறீர்கள். 2013 தீர்ப்பைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. அது என் பழைய சன்னிவேல் முகவரிக்குப் போயிருக்க வேண்டும்.

அடையாறு_வழக்குரைஞர் | பிப்ரவரி 13, காலை 9:45

எஃப்.எல்-130-உம் நோட்டரி சான்றிட்ட ஒப்பந்தமும் இருப்பது பெரிய பலம். அப்போஸ்டிலோடு வந்ததும் கொண்டுவாருங்கள். பதிவாளர் ஏதேனும் ஐயம் எழுப்பினால், குடும்ப நீதிமன்றத்தில் திருமண நிலை குறித்த விளம்புகை (நிலை இதுதான் என்ற நீதிமன்ற அறிவிப்பு) கேட்கும் வழி இருக்கிறது. இந்தத் தாள்கள் கையில் இருந்தால் அங்கேயும் நாம் வெறுங்கையோடு நிற்க மாட்டோம். 2013 தீர்ப்பையும் நிதானமாகப் படியுங்கள். ஓய்வூதியச் சேமிப்பில் உங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அது இன்னும் உங்களுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். அதைக் கலிஃபோர்னிய வழக்குரைஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

மணிமுத்தாறு | பிப்ரவரி 13, இரவு 9:00

குயில் சகோதரி, தேதி முடிவானதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

தாமிரபரணி72 | மார்ச் 2, காலை 8:30

என் நகல் வந்துவிட்டது. மணமான நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை பத்து ஆண்டு, ஏழு மாதம். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரம் குறித்திருக்கிறார்கள், மகள் உடன் வருகிறாள்.

கோவைக்குயில் | மார்ச் 19, மாலை 5:50

இன்று உறை வந்தது. அப்போஸ்டில் தாளைத் தீர்ப்போடு இணைத்திருக்கிறார்கள். அதைப் பிரிக்கக் கூடாது என்று டயாப்லோ அண்ணா மேலே தனிச்சீட்டு ஒட்டியிருந்தார். 2013 தீர்ப்பைப் படித்தேன். எனக்கு ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கிறது. வழக்குரைஞர் ஐயா சொன்னபடி அதற்குத் தனியாக ஒருவரைப் பார்க்கப் போகிறேன்.

ஒளிநகல்கள் எடுத்து, ஒரு தொகுப்பை அம்மா வீட்டுப் பீரோவில் மேல்தட்டில் வைத்தாயிற்று. இன்னொன்று வங்கி லாக்கரில். திங்கட்கிழமை பதிவாளர் அலுவலகம். சித்திரை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் மருதமலையில் திருமணம், மணிமுத்தாறு அண்ணா.

டயாப்லோ அண்ணா, கட்டணங்களோடு தபால் செலவும் வண்டி நிறுத்திய செலவும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள்.